சீராக வந்த பல் செட்

ஏவிஸ் ட்ரவாரோவின் கீழ்ப்பல் செட் உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வழக்கம்போலக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையில் செட் கையிலிருந்து வழுக்கிவிட்டது. பீங்கான் தொட்டியில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை, தேக்கரண்டி விழுந்தது போலத்தான் கேட்டது. எடுத்துப் பார்த்தபோது நட்டநடுவில் இரண்டு துண்டாகியிருந்தது.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. கணவன் கிளெம் போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகன் ரோவன் நாட்டின் மறுகோடியில், கால்கூர்லியில், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். போர்ட் கேரோவில், கடலைப் பார்த்த தகரக் கூரை வீட்டில் அவள் மட்டும்தான். இருந்தாலும் பல்லைக் கழற்றுமுன் கதவைத் தாழிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. நாற்பத்தொன்பது வருஷப் பழக்கம்.

அவள் பல் சொத்தையாகிப் போய்விடவில்லை. வயதாகி விழவும் இல்லை. அப்பா பிடுங்க வைத்தார்.

1961. ஏவிஸுக்குப் பத்தொன்பது வயது. போர்ட் கேரோ தபாலாபீஸில் டெலிபோன் இணைப்பு கொடுக்கிற வேலை. "எந்த நம்பர் வேணும்?" என்று அவள் கேட்கிற குரலுக்காகவே சும்மா போனை எடுத்தவர்கள் ஊரில் உண்டு. அவர்களில் ஒருவன்தான் கிளெம். மீன்பிடிப் படகு ஒன்றும், கொஞ்சம் பார்லி நிலமும் உள்ள குடும்பம். ஆறு மாதம் படகுத்துறையில் சேர்ந்து நடந்தார்கள். பிறகு மோதிரம் போட்டார்கள். ஜூலையில் கலியாணம் என்று முடிவானது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அப்பா வில்ஃப் சொன்னார். "அடுத்த வியாழக்கிழமை லீவு சொல்லிடு ஏவிஸ். அடிலெய்ட் போறோம். பல் டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"எனக்குப் பல்வலி இல்லையேப்பா."

"இப்ப இல்லை. நாளைக்கு வரும். புள்ளை பொறந்தா பல்லு போகும், எல்லாருக்கும் போறதுதானே. ஒவ்வொண்ணா வலிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கிளெம் செலவழிச்சு... எதுக்கு? மொத்தமா எடுத்துட்டுப் புது செட் போட்டுக் குடுத்துடறேன். இது அப்பாவோட கலியாணப் பரிசுன்னு வெச்சுக்கோ."

அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. பக்கத்துப் பண்ணைப் பெண்ணுக்கு இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் செய்தார்கள். யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. மகளைப் பாரமில்லாமல் அனுப்புகிற நல்ல அப்பன் செய்கிற காரியம் அது. ஏவிஸும், "சரிப்பா" என்றாள்.

மயக்கம் தெளிந்தபோது வாய் நிறைய பஞ்சு. பக்கத்தில் ஒரு எனாமல் கிண்ணம். நர்ஸ் அதைச் சட்டென்று துணியால் மூடினாள், ஆனால் ஏவிஸ் பார்த்துவிட்டாள். இருபத்தெட்டு. டாக்டர் அப்பாவிடம் வாசலில் நின்று பேசுவது கேட்டது. "ரெண்டுலதான் சொத்தை இருந்தது. மத்ததெல்லாம் நல்ல பல்லு."

"அதான் டாக்டர், ஒரே வேலையா முடிஞ்சுது," என்றார் அப்பா.

ஈறு ஆறிப் புது செட் தயாராக மூன்று மாதமாகும் என்றார்கள். அந்த மூன்று மாதமும் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கலியாணமான பெண்களைத் தபால் இலாகா அப்போதெல்லாம் வேலையில் வைத்துக்கொள்வதில்லை. எப்படியும் விடப்போகிற வேலைதானே என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாள். கிளெம் சனிக்கிழமைதோறும் வந்தான். அவள் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை. அவன் நடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூடிய கதவைப் பார்த்து அந்த வாரம் என்ன மீன் கிடைத்தது என்று சொல்வான். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "ம்" கொட்டுவாள். அந்த மூன்று மாதக் காதல் அவ்வளவுதான்.

கலியாணத்தன்று எல்லோரும் சொன்னார்கள்: "சிரி ஏவிஸ், முத்து மாதிரி இருக்கு!" முத்து மாதிரிதான் இருந்தது. ஒன்றுபோல, வெள்ளையாக, வரிசையாக. இன்னும் முழுசாக ஆறாத ஈறில் செட்டு அழுத்தி, கேக்கை வாயில் வைக்கமுடியாமல் கைக்குட்டையில் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். போட்டோக்காரர் சொன்னபோது உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான்.

கிளெமுக்கு அவளுடைய பல் பொய்ப்பல் என்று தெரியும். தெரியாமலா இருக்கும். ஆனால் அது இல்லாத முகத்தை அவன் பார்த்ததே இல்லை. அவள் செட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். காலையில் அவனுக்கு முன்னால் எழுந்து, குளியலறையில் தாழிட்டு, கழுவி, போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். பேறுகால வலியில்கூட, "கழட்டுங்க" என்ற நர்ஸிடம் முடியாது என்று சண்டை போட்டாள். ஒரே ஒரு தடவை, கலியாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும், ஈறெல்லாம் வீங்கி அவள் அவதிப்பட்டபோது கிளெம் சொன்னான்.

"ராத்திரியாவது கழட்டி வையேன் ஏவி. எனக்கென்ன?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்று நாள் பேசவில்லை. அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாள் வரைக்கும்.

இப்போது உடைந்த துண்டுகளை ஒரு சாஸரில் வைத்துவிட்டு, ஏவிஸ் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் அவளுடைய செட்டைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊரில் ஒரு வயதானவர். சந்துக்குள் பின்வாசல் வழியாகப் போய்வரலாம், யார் கண்ணிலும் படவேண்டாம். செட்டைக் கொடுத்துவிட்டு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு காத்திருப்பாள், அவரும் வாயைக் காட்டச் சொன்னதில்லை. அவருடைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

டெலிபோன் புத்தகத்தைப் பார்த்து வேறொரு பல் டாக்டரின் எண்ணைச் சுற்றினாள்.

"எனக்குப் பல் ஷெட்..." என்று ஆரம்பித்தாள். கீழ்ச்செட்டு இல்லாமல் மேல்செட்டும் ஆட, நாக்கு எங்கெங்கோ போய் முட்டியது.

"சொல்லுங்க, யாரு பேசறது?" என்றது ஒரு இளம் குரல்.

"பல் ஷெட்டு. உடைஞ்சு போச்சு."

"சரியா கேக்கலைங்க. லைன் சரியில்ல போல. திரும்பப் பண்றீங்களா?"

ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்க இவள் குரலுக்குக் காத்திருந்தது. ஏவிஸ் போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, நாக்கு தடுக்காத வார்த்தைகளாகப் பொறுக்கி, மறுபடி கூப்பிட்டாள். அந்த இடத்தில் புது நோயாளிகளை எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு இடத்தில் டாக்டரே இல்லை, ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்ட பெண், "எங்க கிட்டேயிருந்து கடிதம் வரும், வர நாளாகும்," என்றாள். எவ்வளவு நாள் என்று கேட்டால் மறுபடி 'பல் செட்' என்று சொல்லவேண்டியிருக்கும். ஏவிஸ் கேட்கவில்லை.

ஜலதோஷம் என்று ஊரில் சொல்லிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள் அவள்தான். பாடகர் குழுவில் இருந்தவள், கலியாணத்துக்கு அப்புறம் ஆர்கனுக்கு மாறிக்கொண்டாள், அதில் வாயைத் திறக்கவேண்டாம். முதல் வாரம் யாரோ வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் ஒரு அட்டை. மூன்றாவது வாரம் எதுவும் இல்லை. ஆர்கனுக்குப் பதில் டேப் போட்டுக்கொள்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள்.

ஞாயிறு மாலைகளில் ரோவன் கூப்பிடுவான்.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? குடிச்சிருக்கியா?"

"சளிடா."

"போன வாரமும் சளின்னே. டாக்டரைப் பாரும்மா."

"பாக்கறேன்."

தாய் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது என்பது நாற்பத்து நாலு வயது மகனுக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்திருக்கலாம். அவள் அந்த இடத்தைச் சுற்றி எழுப்பிய சுவர் அப்படி. அதற்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

மாவையும் பாலையும் கரைத்துக் குடித்து அலுத்துப் போய், நாலாவது வாரம், கிளெமின் அலமாரியில் இருந்த ஒட்டுப்பசையால் இரண்டு துண்டையும் ஒட்டினாள். உட்கார்ந்தது, ஆனால் கோணலாக. ஒட்டிய விளிம்பு நாக்குக்கடியில் கத்தி மாதிரி நின்றது. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் ரொட்டி வாங்கினாள், ஆர்கன் வாசித்தாள், "சளி சரியாப்போச்சு" என்று நாலு பேரிடம் சொன்னாள். பத்து நாளில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். உப்புத் தண்ணீருக்கு அடங்கவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் விரல் நுனி அளவுக்கு வெளுத்து, விளிம்பு தடித்துவிட்டது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மார்னியிடம் களிம்பு கேட்டாள். அறுபதைத் தொடுகிற மார்னிக்கு ஊரில் யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது அத்துப்படி. ஆனால் ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தரிடம் சொன்னதில்லை.

"யாருக்கு?"

"எனக்குத்தான். வாயில கொஞ்சம் புண்ணு."

"எத்தனை நாளா?"

"ஒரு... மூணு வாரம்."

மார்னி களிம்பை எடுத்த கையால் திரும்ப வைத்தாள். "மூணு வாரம் ஆறாத வாய்ப்புண்ணுக்கு நான் களிம்பு தரமாட்டேன் ஏவிஸ். நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. மெரிண்டா ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை புதன்கிழமை ஒரு பல் டாக்டர் வருது. ஃபிஜிக்காரப் பொண்ணு. பேரு லிட்டியா. நம்பர் எழுதித் தர்றேன். நானே பேசட்டுமா?"

"நானே பேசிக்கறேன்."

"பேசமாட்டே," என்றாள் மார்னி, போனை எடுத்தபடி.

மெரிண்டா முக்கால் மணி நேர ஓட்டம். இரண்டு பக்கமும் அறுத்த பார்லித் தாள். காரில் தனியாகப் போகும்போதும் ஏவிஸ் வாயை மூடிக்கொண்டுதான் ஓட்டினாள். பதிவுப் படிவத்தில் 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம்' என்று ஒரு கட்டம். ரோவன் பெயரை எழுதினாள். எவ்வளவு தொலைவு என்று பக்கத்தில் இன்னொரு கட்டம். விமானத்தில் வந்தாலும் ஒரு நாள் ஆகும். அதைக் காலியாக விட்டாள்.

லிட்டியா உயரமாக, அகன்ற தோளோடு இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சாய்வு நாற்காலியைத் தாழ்த்தாமல், எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க ஏவிஸ்."

ஏவிஸ் புண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"பாத்துடலாம். செட்டைக் கழட்டி இதுல வைக்கிறீங்களா?" ஒரு சின்ன கிண்ணத்தை நீட்டினாள்.

ஏவிஸ் கிண்ணத்தை வாங்கவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அறைக் கதவைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்தட்டுமா?"

ஏவிஸ் தலையாட்டினாள். லிட்டியா எழுந்துபோய்ச் சாத்தினாள். உதவிக்கு நின்ற பெண்ணை ஏதோ எடுத்துவரச் சொல்லி வெளியே அனுப்பினாள். பிறகு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, கையுறையைப் போடுவதிலேயே ரொம்ப நேரத்தைப் போக்கினாள்.

ஏவிஸ் கழற்றினாள். முதலில் கீழே, அப்புறம் மேலே. கன்னம் உள்ளே விழுந்தது. உதடு உள்ளே மடிந்தது. மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவே இருந்த தூரம் குறைந்தது. அவளுக்குக் கண்ணாடியில் தெரிந்த முகம்தான். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு எதிரில் இரண்டு கண்கள் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிண்ணத்தை வாங்கி இரண்டையும் அதில் வைத்தாள்.

லிட்டியா விளக்கை இழுத்தாள். நாக்கை மெல்லிய துணியால் பிடித்து, புண்ணைப் பார்த்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவினாள். பிறகு கீழ்த்தாடை எலும்பை ஒரு விரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தொட்டுக்கொண்டே போனாள். பல் இல்லாமல் ஐம்பது வருஷம் தேய்ந்த எலும்பு, கத்தி முனைபோல மெலிந்திருந்தது.

"பல்லை எப்ப இழந்தீங்க?"

"இழக்கல," என்றாள் ஏவிஸ், பல் இல்லாத வாயால். "கலியாணத்துக்கு எங்க அப்பா செஞ்ச சீர்."

லிட்டியாவின் கை நின்றது. "எத்தனை வயசுல?"

"பத்தொம்போது."

"எத்தனை பல் கெட்டிருந்துச்சு?"

"ரெண்டு."

லிட்டியா விளக்கை அணைத்தாள். அவள் முகத்தில் பரிதாபம் வந்திருந்தால் ஏவிஸ் எழுந்து போயிருப்பாள். வந்தது கோபம். யார்மீது என்று தெரியாத கோபம். அதை மூக்கால் ஒரு மூச்சு விட்டு அடக்கிக்கொண்டு, வேலைக்குத் திரும்பினாள்.

"புண்ணு அந்த ஒட்டுன விளிம்பு உரசி வந்ததுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நிச்சயமாச் சொல்லமாட்டேன். ரெண்டு வாரம் செட்டே போடக்கூடாது. உரசல் நின்னா ஆறணும். ஆறலைன்னா அடிலெய்ட் அனுப்பி ஒரு துளி சதை எடுத்துப் பாக்கணும்."

"ரெண்டு வாரமுமா? பகல்லயுமா?"

"பகல், ராத்திரி, ரெண்டும். ராத்திரி எப்பவுமே போடக்கூடாது ஏவிஸ். யாரும் சொல்லலையா? ஈறுக்கும் ஓய்வு வேணும். கழட்டித் தண்ணியில போட்டுடணும். ஈறை, நாக்கை ஈரத் துணியால துடைக்கணும். பல்லு இல்லைங்கறதுக்காக வாய் இல்லைன்னு ஆயிடாது. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது உள்ள பாக்கணும்."

கடைசியாக யார் பார்த்தார்கள் என்று லிட்டியா கேட்கவில்லை. ஏவிஸும் சொல்லவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் முதல் ஐந்து நாள் அவள் வெளியே தலைகாட்டவில்லை. ஆறாம் நாள் பால் தீர்ந்தது. கழுத்துத் துணியை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, கடைக்குப் போகாமல், ஆளிருக்காது என்று படகுத்துறை வழியாகச் சுற்றிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனாள். துறையில் ஆள் இருந்தது. கிளெமோடு மீன்பிடிக்கப் போன ஹெக்டர், கணவாய் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அவனுக்கும் பல் கிடையாது. இருபது வருஷமாகப் பொக்கை வாயோடுதான் சுற்றுகிறான், அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

"என்ன ஏவிஸ், பனி கொட்டுதா? மூஞ்சியைப் போர்த்திட்டு வர்றே?"

"வாய்ப்புண்ணு ஹெக்டர்."

"பல்லைப் போடலையா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஹெக்டர் தூண்டிலைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்கும் ஒரு செட்டு செஞ்சு குடுத்தாங்க. படகுல தும்மினேன், கடல்ல போச்சு. இப்ப ஏதோ ஒரு சுறா போட்டுக்கிட்டு அலையுது." பொக்கை வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. துணிக்குள்ளேயே சிரித்தாள். அவனோடு இன்னும் கொஞ்சம் நின்று பேசலாம் என்று தோன்றியது. ஆனால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பால் வாங்கிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போனாள்.

புண் ஆறியது. லிட்டியா இரண்டு தடவை பார்த்து, விரலால் தடவி, "போயிடுச்சு" என்றபோது, ஏவிஸ் தான் எவ்வளவு பயந்திருந்தாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"புதுசா மேலயும் கீழயும் செஞ்சுடலாம். ஒரு வேலை பண்ணுங்க. உங்க சொந்தப் பல்லோட சிரிக்கிற போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க. அதைப் பாத்துப் பல்லை அடுக்கச் சொல்றேன்."

"அப்படி ஒண்ணும் இருக்காது."

"பத்தொம்போது வருஷம் இருந்துச்சே அந்தப் பல்லு? தேடுங்க."

வீட்டில் இருந்த ஆல்பங்கள் மூன்று. எல்லாவற்றிலும் மூடிய உதடு. சின்ன வயதுப் படங்கள் அப்பா அம்மா காலத்துக்குப் பின் எங்கே போயின என்று தெரியவில்லை. அலமாரிகளைத் தேடி, கட்டிலுக்கடியில் தேடி, கடைசியில் கொட்டகைக்குப் போனாள். கிளெம் வலை பழுது பார்த்த கொட்டகை. தூண்டில் முட்களும் ஈயக் குண்டுகளும் வைக்கிற மர அலமாரி அங்கே இருந்தது. அதை அவன் இருந்தபோதும் அவள் திறந்ததில்லை, அவன் போன பிறகும் திறக்கவில்லை. பசை எடுத்ததுகூட வீட்டுக்குள் இருந்த சின்ன அலமாரியில்தான்.

கதவைத் திறந்தாள். கதவின் உட்பக்கத்தில், கண் மட்டத்தில், நாலு மூலையிலும் சின்ன ஆணி அடித்து ஒரு போட்டோ.

படகுத்துறையில் ஒரு பெண், கையில் தூக்கிப் பிடித்த கணவாய் அப்போதுதான் மையைப் பீச்சியிருக்கிறது, வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, தொண்டை தெரிய வாயைத் திறந்து சிரிக்கிறாள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி நுழைகிற அளவு இடைவெளி. ஒரு பல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

ஏவிஸ் அந்த இடைவெளியை மறந்தே போயிருந்தாள். நாக்கு நுனியை அதில் நுழைத்துக்கொண்டே டெலிபோன் இணைப்பு கொடுப்பாள். அதையும் மறந்திருந்தாள்.

போட்டோ மஞ்சளாகி, விளிம்பில் எண்ணெய்க் கை பட்டுக் கறுத்திருந்தது. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. ஒருமுறை அல்ல, பலமுறை எடுத்துப் பார்த்துத் திரும்ப அடித்த துளைகள் மூலைகளில் இருந்தன. முப்பத்தெட்டு வருஷம் அவன் தினமும் இந்தக் கதவைத் திறந்து, தூண்டில் முள்ளை எடுத்துக்கொண்டு, மூடியிருக்கிறான். வீட்டுக்கு வந்து அவளுடைய மூடிய உதட்டின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கு அவள் மூன்று நாள் பேசவில்லை.

கொட்டகையில் உட்கார நாற்காலி இல்லை. வலைக்குவியலின்மேல் உட்கார்ந்தாள். வெயில் போகும்வரை அங்கேயே இருந்தாள்.

அந்தப் போட்டோவைப் பார்த்து மெழுகில் பல் பதித்து ஒத்திகை பார்த்த புதன்கிழமை, லிட்டியா கண்ணாடியைக் கொடுத்தாள். "இடைவெளி வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே மாத்திடலாம். மெழுகுதானே."

ஏவிஸ் வெகுநேரம் பார்த்தாள். "இருக்கட்டும். அந்தத் திரும்பின பல்லு? அதுவும் வைக்க முடியுமா?"

"வெச்சாச்சு. மேல் உதட்டைத் தூக்குங்க."

புதுப்பல்லோடு தேவாலயத்துக்குப் போன ஞாயிறு, யாரும் எதையும் கவனிக்கவில்லை. "நல்லாத் தூங்கினியா, முகம் தெளிவா இருக்கு," என்றாள் ஒருத்தி. மார்னி மட்டும் கடைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து நீளமாகப் பார்த்துவிட்டு, "ஓ" என்றாள். அவ்வளவுதான். அடுத்த கோடைக்குள் லிட்டியாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கடைசிப் புதனன்று ஏவிஸ் எலுமிச்சைக் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். லிட்டியா அவசரமாக ஒரு குழந்தையின் பல்லை அடைத்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் கையசைத்தாள். கேக்கை வரவேற்பில் கொடுத்துவிட்டு ஏவிஸ் திரும்பினாள். தன் முகத்தை முழுசாகப் பார்த்த ஒரே ஆள் போகிறாள் என்று காரில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த குளிர்காலம் ரோவன் நாலு நாள் லீவில் வந்தான். புதுப்பல்லை அவனும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று நாளும் அவள் காலையில் குளியலறையில் நின்று, கிண்ணத்தில் கிடக்கும் செட்டைப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று சொல்லிப் போட்டுக்கொண்டு வந்தாள். நாலாம் நாள் போடாமல் வந்தாள்.

ரோவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். உடனே கண்ணைத் தாழ்த்தி, தடவிய இடத்திலேயே மறுபடி தடவினான். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் பழகின மரியாதை அது. பழக்கியவள் அவள்தான்.

"பாருடா," என்றாள்.

அவன் பார்த்தான். முகம் சிவந்தது. "புல் வெட்டற மெஷின் ஓடலைன்னியே, பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

அவள் மேஜையைத் துடைத்தாள். அவன் தட்டைக் கழுவினாள். செய்திருக்கக்கூடாதோ என்று நினைத்தாள். மெஷின் இரண்டு தடவை உறுமி நின்றது. அரைமணி கழித்து எண்ணெய்க் கையோடு வந்து, வாசற்படியிலேயே நின்று, உள்ளே வராமல் கேட்டான்.

"எத்தனைம்மா எடுத்தாங்க?"

"இருபத்தெட்டு."

"ஒரே நாள்லயா?"

"ஒரே காலையில."

அவன் தன் தாடையைப் புறங்கையால் தடவிக்கொண்டான். எண்ணெய்க் கறை கன்னத்தில் ஒட்டியது. இன்னும் ஏதோ கேட்க வந்தவன்போல நின்றான். "டீ இருக்கா?" என்றான் கடைசியில். இருந்தது. இருவரும் குடித்தார்கள். அவள் பல் போட்டுக்கொள்ளவில்லை. அவன் எழுந்து போகவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை, தேநீர்க் கோப்பையைப் பார்த்தான். சாயங்கால விமானத்துக்குக் கிளம்பிப் போனான். வாசலில் அணைத்துக்கொண்டபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கினான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுதானோ என்னவோ.

ஞாயிறு கூப்பிட்டான். மழை, சுரங்கத்தில் ஷிப்டு மாற்றம், கார் டயர் என்று என்னென்னவோ பேசினான். பிறகு, "எனக்குப் பின்பக்கம் ஒரு பல்லு ரொம்ப நாளா ஆடுதும்மா. வர்ற வெள்ளிக்கிழமை காட்டப் போறேன். நாலஞ்சு இடத்துல கேட்டு ஒரு டாக்டரைப் புடிச்சேன்," என்றான்.

"எத்தனை வருஷமா காட்டலை?"

"அதையெல்லாம் கேக்காதே."

"புடுங்கணும்னு சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதே ரோவன். எதுக்குன்னு கேளு."

 சுரங்க விடுதியில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் தூரத்தில் கேட்டது.

"கேக்கறேம்மா," என்றான்.

போனை வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு வெந்திருந்தது. தண்ணீரை வடித்து, ஒருத்திக்கு வேண்டியதை மட்டும் தட்டில் எடுத்து மசித்தாள். வெளியே படகுத்துறைப் பக்கம் காற்று எழும்பியிருந்தது. வானொலியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.